சத்தம் போடாத வேஷம்

என் தம்பியைப் பயமுறுத்த முடியாது. சின்ன வயதிலிருந்து முயன்று பார்த்துக் கைவிட்டவள் நான். பேய், பாம்பு, கணக்குப் பரீட்சை எதற்கும் அசரமாட்டான். அவனுக்கு நாற்பது வயது ஆன பிறகு ஒருநாள், "ஒரு சொட்டு ரத்தம் குடுடா" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் பின்வாங்கியதைப் பார்த்தேன்.

நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். வீடு திருவண்ணாமலையில். தினமும் காலையில் பஸ்ஸில் போய் மாலையில் திரும்புகிறவள். மூன்று வருஷத்துக்கு முன் பள்ளியில் ரத்ததான முகாம் நடந்தது. பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்கிறேன் பேர்வழி என்று முதல் ஆளாகப் போய்ப் படுத்தேன். பத்து நாள் கழித்து ஒரு போன் வந்தது. உங்கள் ரத்தத்தை வேறு யாருக்கும் ஏற்ற முடியாது, உங்களுக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறது, வந்து டாக்டரைப் பாருங்கள் என்றார்கள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. காய்ச்சலுக்குக்கூட ஒழுங்காக லீவு போடாதவள் நான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இருபது வருஷமாக நோய் எதிர்ப்புப் பாடம் நடத்துகிறேன். வெளியிலிருந்து எது நுழைந்தாலும் உடம்பு உடனே கண்டுபிடித்துவிடும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். என் ஈரலுக்குள்ளேயே ஒருவன் நாற்பது வருஷத்துக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் குடியிருந்திருக்கிறான். டாக்டரம்மா எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஈரல் நல்லா இருக்கு. இது பெரும்பாலும் பொறக்கும்போதே அம்மாகிட்ட இருந்து வந்திருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க" என்றார். என் கணவருக்கும் மகளுக்கும் பரிசோதனை நடந்தது. இருவருக்கும் இல்லை. நான் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார்.

"கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

இருக்கிறான். ஒரே ஒருவன்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா ஐம்பத்தைந்து வயதில் போய்விட்டாள். கடைசி ஆறு மாசத்தில் கால் வீங்கியது, வயிறு வீங்கியது, கண் மஞ்சளானது. ஈரல் சுருங்கிப்போய்விட்டது என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஈரல் கெட்டுப்போச்சு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குடி. அம்மா காபிக்கே சர்க்கரை கம்மியாகப் போட்டுக் குடிக்கிறவள். ஆனாலும் உறவுக்காரர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள். குடிக்காத பொம்பளைக்கு ஈரல் எப்படிக் கெடும் என்று முதலில் ஆச்சரியப்பட்டார்கள். போகப்போக அந்த ஆச்சரியம் வேறு மாதிரி ஆனது. காரியத்தன்று பந்தியில் ஒரு அத்தை, "நமக்கு இன்னா தெரியும், ராத்திரியில கதவைச் சாத்திக்கினு இன்னா பண்ணாளோ" என்றாள். என் தம்பி பரிமாறிக்கொண்டிருந்தான். சாம்பார் வாளியை நங்கென்று கீழே வைத்துவிட்டு அந்த அத்தையின் இலையை எடுத்து மடித்தான். அன்றைக்கு எழுந்துபோன அத்தை வீட்டார் இன்றுவரை எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டிலும் ஈரல் என்ற சொல்லே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர் அதை வெட்டிப் போட வந்தாலும் என் தம்பி வேண்டாம் என்று கையைக் காட்டுவான். ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் என்ன எழுதியிருந்ததோ தெரியாது. அப்போது நான் கைக்குழந்தையோடு வேறு ஊரில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு அலைந்ததெல்லாம் தம்பிதான். காரியம் முடிந்த கையோடு அம்மாவின் துணிமணியோடு அந்தச் சீட்டுகளையும் சேர்த்து எரித்துவிட்டார்கள்.

ஆக, என் ரத்தத்தில் இருப்பது அம்மாவிடமிருந்து வந்தது என்றால், தம்பிக்கும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கு நடந்தது அவனுக்கும் நடக்கலாம். இப்போதே கண்டுபிடித்தால் தடுக்க மாத்திரை இருக்கிறது. எனக்கு வேண்டியதெல்லாம் அவன் விரல்நுனியிலிருந்து ஒரு சொட்டு. அதற்கு இரண்டரை வருஷம் போராடினேன்.

தம்பி டவுனில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் எழுந்துபோய் நல்ல கேமரா உள்ள ஒரு போனை எடுத்து, கீழ் இமையை விரலால் இழுத்து, தன் கண்ணைத் தானே படம் பிடித்தான். பெரிதாக்கி என்னிடம் நீட்டினான்.

"பாருக்கா. வெள்ளை வெளேர்னு கீது. மஞ்சள் இருக்குதா? நீயே சொல்லு."

"கண்ணுல தெரியறதுக்கு முன்னாடி பாக்கணும்னுதான்டா சொல்றேன்."

"சோறு நல்லா எறங்குது. படுத்தா தூக்கம் வருது. எடை ஜாஸ்திதான் ஆயிருக்குது. நோயாளி இப்படியா இருப்பான்?"

நான் விடவில்லை. போனில், நேரில், பொங்கலன்று, அவன் மகள் பிறந்தநாளன்று என்று நச்சரித்தேன். கடைசியில் அவனே ஒரு சமாதானத்துக்கு வந்தான். ஒரு வாரம் தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தான். எட்டாம் நாள் எனக்குப் போன் செய்து, "ட்ரீட்மெண்ட் முடிஞ்சிச்சுக்கா. இனிமே அந்தப் பேச்சு எடுக்காத" என்றான். நோய் இருக்கிறதா என்று பார்க்கவே மறுத்தவன், அதற்கு மருந்து சாப்பிட்டுக் குணமாகியும்விட்டான். எனக்கு வந்த கோபத்தில் போனைக் கட்டிலில் எறிந்தேன். உடைந்திருந்தால் அவனிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்பதால் மெதுவாகத்தான் எறிந்தேன்.

இப்படி இருக்கும்போது எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் மஞ்சள் காமாலை விழிப்புணர்வு முகாம் ஒன்று வைக்கலாம் என்றார். ஊர்க்காரர்களுக்கு இலவசமாக ரத்தப் பரிசோதனை. அதற்கு முன்னால் கூட்டம் சேர்க்க ஏதாவது கலைநிகழ்ச்சி. என் மூளை அன்றைக்கு மட்டும் வேகமாக வேலை செய்தது. "கூத்து வைக்கலாம் சார்" என்றேன்.

ஏனென்றால் என் தம்பி வாரக்கடைசியில் கூத்தாடி. பத்து வருஷமாகக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு குழுவில் கட்டியக்காரன் வேஷம் அவனுக்குத்தான். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கூத்தில் எந்த வேஷமும் நேராக நடந்து வந்துவிடாது. இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று தன் பெருமையெல்லாம் பாடுவார். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் ஆடும். கட்டியக்காரன் வெளியே நின்று, யாரய்யா நீ, எந்த ஊரு, எதுக்கு வந்தே என்று கேட்டுக் கிண்டலடிப்பான். பதில் சொன்ன பிறகுதான் திரை விலகும். தம்பி எந்த ராஜாவையும் சும்மா விடமாட்டான். பரிசோதனை மேஜையிலிருந்து இருபது அடி தூரத்தில் அவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என் திட்டம். குழு ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிக்கு அவன் வராமல் இருக்க முடியாது.

முதலில் குறித்த தேதி பௌர்ணமியில் விழுந்தது. குழுவில் இரண்டு பேர் அன்றைக்கு அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை போடுகிறவர்கள். காலைப் பிடித்தாலும் வரமாட்டார்கள். அதனால் ஒரு வாரம் தள்ளி ஒரு சனிக்கிழமை என்று முடிவானது.

ஒத்திகை, கூத்து வாத்தியாரின் நிலத்தில் வேர்க்கடலை காயப்போடும் களத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். வாத்தியாருக்கு ஐம்பது வயது இருக்கும். குரல் மட்டும் ஒரு மைல் போகும். கையில், வைரஸ்களையே வேஷங்களாக வைத்து நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"டீச்சரம்மா, இதுல இன்டர்ஃபெரான்னு ஒருத்தர் வர்றாரு. அவரு ராஜாவா, மந்திரியா?"

நான் அவருக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தேன். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பிறவியிலேயே வந்த ஒரு காவல் இருக்கிறது. வைரஸ் என்பது ஒரு கூடு, அதற்குள்ளே கொஞ்சம் மரபு எழுத்து, அவ்வளவுதான். அந்த அந்நிய எழுத்து காவலின் கண்ணில் பட்டதும் மணி அடிக்கும். இன்டர்ஃபெரான் என்கிற சேதி அக்கம்பக்கத்துச் செல்களுக்கெல்லாம் போகும். அவை கதவைச் சாத்திக்கொள்ளும். காய்ச்சல், உடம்புவலி, அசதி எல்லாம் பெரும்பாலும் இந்தக் கலாட்டாவால் வருவது. வைரஸைவிட நம் ஆட்கள் போடும் சத்தம்தான் அதிகம்.

வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என் தம்பியைக் காட்டினார்.

"வந்தவன யாரு நீன்னு கேக்கறது, கத்தி ஊரக் கூட்டறது. அப்ப அந்தக் காவலு நம்ம கட்டியக்காரன்தான்."

நான் இருபது வருஷமாகப் போட்ட அம்புக்குறிகளைவிட இது நன்றாக இருந்தது. தம்பி மீசையை முறுக்கினான்.

முதல் வேஷம் ஃப்ளூ வைரஸ். அது சுலபமாக அமைந்துவிட்டது. திரைக்குப் பின்னால் ஆட்டம், பாட்டு, தும்மல். கட்டியக்காரன் கூப்பாடு போட, மிருதங்கம் பிளக்க, ஃப்ளூவை எல்லாரும் சேர்ந்து விரட்டினார்கள். இரண்டாவது ஹெபடைடிஸ் சி. அவன் செய்வது வேறு. காவல் அவனைப் பார்த்துவிடும். ஆனால் மணி அடிக்கவிடாமல், செல்லுக்குள் சேதி போகிற வழியில் இருக்கும் ஒரு முக்கியமான புரதத்தையே அவன் வெட்டிவிடுவான். ஹெபடைடிஸ் ஏ வைரஸும் அதே இடத்தில்தான் கை வைக்கிறது என்றேன். "இதுக்கு எதுக்கு இவ்ளோ விளக்கம்? மைக் ஒயரப் புடுங்கிடுவோம்" என்றார் வாத்தியார். அதுவும் முடிந்தது.

மூன்றாவது பி. என்னுடையவன். இங்கேதான் வண்டி நின்றது.

வாத்தியார் அவனுக்குத்தான் பெரிய வேஷம் வைத்திருந்தார். தோளில் மரப் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், தலையில் இருப்பதிலேயே பெரிய கிரீடம். வேஷக்காரர் களம் அதிர ஒரு சுற்று வந்தார். எனக்கு ஒப்பவில்லை.

"இவன் சத்தமே போடமாட்டான் வாத்தியாரே. அதுதான் இவன் வித்தை. தன் எழுத்தை மூடுன கூட்டுக்குள்ளேயே வச்சு நகல் எடுப்பான். யார் கண்ணுலயும் படாது. செல்லோட உட்கருவுக்குள்ள போய், நம்ம புரதத்தையே போர்த்திக்கிட்டு நம்ம ஆள் மாதிரி உக்காந்துக்குவான். மணி அடிக்கிறதுக்கு அவன் காரணமே குடுக்கறதில்ல."

"அப்ப திரைக்குப் பின்னாடி இன்னா பாடறது?"

"பாடவே மாட்டான்."

"திரை இல்லாம, பாட்டு இல்லாம வந்து நின்னா அவன் வேஷம் இல்லீங்க. ரோட்ல போறவன்." வாத்தியார் நான்கு பக்கத்தையும் மடித்து என்னிடமே கொடுத்தார். "நீங்க வேணும்னா நாடகம் போட்டுக்குங்க. கூத்துல இது நடக்காது."

நானும் கோபக்காரி. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வருகிறவன் பேர் சொல்லியே தீரவேண்டும் என்பதை நம்பித்தான் அவர் கலையே நிற்கிறது. என் உடம்பும் அதையே நம்பி மோசம் போயிருக்கிறது.

புதன்கிழமை நான் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போது போன் அடித்தது. வாத்தியார்.

"டீச்சரம்மா, கண்டுபுடிச்சிட்டேன். அந்தாளு திரைக்கு அந்தாண்ட இல்ல. இந்தாண்ட நிக்கறான்."

"புரியலயே."

"திரை புடிக்கறவன்தாங்க அவன்! மொதல்ல இருந்து எல்லார் கண்ணு முன்னாடியும் நிக்கறான். திரை புடிக்கறவன எவன் பாக்கறான்?"

வகுப்பென்றும் பார்க்காமல் நான் கத்திவிட்டேன். பிள்ளைகள் எங்கள் வீட்டில் குழந்தை பிறந்த செய்தி வந்ததாக நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு நானும் என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன். பி வைரஸ் தன்னைப் போலவே உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுக்கூடுகளைக் கணக்கு வழக்கில்லாமல் ரத்தத்தில் விடும். உடம்பின் படை அவற்றைத் துரத்தித் துரத்திக் களைத்துப்போகும். வாத்தியார் உடனே ஒரு குச்சியில் கிரீடத்தைச் செருகித் திரைக்கு மேலே ஆட்டச் சொன்னார். பாட்டு முழங்கும், கட்டியக்காரன் பாய்வான், திரை விலகும். பார்த்தால் குச்சியும் கிரீடமும்தான். மறுபடி பாட்டு, மறுபடி கிரீடம். ஐந்தாம் தடவை தம்பி நிஜமாகவே மூச்சு வாங்கினான்.

திரை பிடிக்கும் இருவரில் வாத்தியார் இதற்குப் பொறுக்கியவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இருபது வருஷமாகக் குழுவில் திரை பிடித்து, பெட்டி தூக்கி, ஒரு வார்த்தைகூட மேடையில் பேசாதவர். இப்போது அவருக்கு மூன்று வசனம். காகிதத்தை ஆட்டோ கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பாடம் பண்ணினார்.

"டீச்சர், நான் கெட்டவனா?"

"ஆமாங்க."

"கெட்டவன் எதுக்கு இவ்ளோ மெதுவா பேசறான்?"

"சத்தமா பேசினா மாட்டிக்குவான்."

அவர் தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது.

இங்கே நான் செய்த காரியம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசி நாள் நான் ஒரு வசனத்தை மாற்றினேன். கட்டியக்காரன், "எப்ப வந்த?" என்று கேட்பான். ஒத்திகையில் பதில், "ரொம்ப நாளாச்சு" என்பது. அதை அடித்துவிட்டு வேறு எழுதி ஆட்டோக்காரரிடம் மட்டும் கொடுத்தேன். தம்பிக்குச் சொல்லவில்லை. வாத்தியார் படித்துப் பார்த்துவிட்டு, "இது அவனுக்குத் தெரிய வேணாமா?" என்று கேட்டார். "வேணாம்" என்றேன். இரண்டரை வருஷ ஆத்திரம் எனக்கு.

சனிக்கிழமை மூன்று மணி. பள்ளி மைதானத்தில் ஷாமியானா. நூறு நாள் வேலை முடிந்து வந்த பெண்கள் தூக்குச்சட்டியோடு அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். வேப்பமரத்தடியில் பரிசோதனை மேஜை. லேப் டெக்னீஷியன் ஒரு முஸ்லிம் பெண், பரம்பரையாகத் திருவண்ணாமலைக்காரர், வெடுக்வெடுக்கென்று பேசுவார். "கூத்து முடிஞ்சதும் எல்லாத்தையும் இந்தப் பக்கம் தள்ளி வுடுங்க டீச்சர், அப்புறம் பால் கறக்கணும்னு ஓடிடுவாங்க" என்று எனக்குக் கட்டளை போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஃப்ளூவுக்கு நல்ல கைதட்டல். சி வந்து மைக் ஒயரைப் பிடுங்கினான். கட்டியக்காரன் வாயை வாயைத் திறக்கிறான், சத்தம் வரவில்லை. தலைமையாசிரியர் கரண்ட் போய்விட்டதென்று நினைத்து ஃப்யூஸைப் பார்க்க ஓடினார். அவர் ஓடியதுதான் அன்றைய நிகழ்ச்சியிலேயே பெரிய சிரிப்பு. பிறகு கிரீடங்கள் வந்தன. குழந்தைகள், "உள்ள ஆளு இல்ல, ஆளு இல்ல" என்று கத்தின. கட்டியக்காரன் துரத்தித் துரத்தி அலுத்து, வேர்த்து விறுவிறுத்து நடுவில் உட்கார்ந்தான்.

ஆட்டோக்காரர் திரையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். மெதுவாக வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்டம் இன்னும் அடுத்த கிரீடத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

"யாருய்யா நீ? திரை புடிக்கற வேலைய வுட்டுட்டு இங்க இன்னா உக்காந்துட்ட?"

"நான்தான் பி."

முன்வரிசையில் ஒரு பெண், "ஐயையே, இவனா?" என்றாள். சிரிப்பு பரவியது. தம்பியும் சிரித்தான்.

"இங்கயேதான் இருந்தியா? எப்ப வந்த?"

"நீ பொறந்த அன்னிக்கே வந்தேன். உங்க அம்மாகிட்ட இருந்து வந்தேன்."

பத்து வருஷத்தில் என் தம்பி மேடையில் பதிலுக்குத் தடுமாறி நான் பார்த்ததில்லை. அன்று அவன் வாய் பாதி திறந்தபடி நின்றது. ஆர்மோனியக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். தம்பி கூட்டத்தைப் பார்த்தான். ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தான். அத்தனை பேர் முன்னால் அவனை இப்படி மாட்டிவிட்டோமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய்த் திரையைப் பிடித்து அவனை மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவன் ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினான். கட்டியக்காரன் குரல் போய் அவன் சொந்தக் குரலில் கேட்டான்.

"எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

இது எங்கேயும் எழுதப்படவில்லை. ஆட்டோக்காரரிடம் இருந்தது மூன்று வசனம். இரண்டு தீர்ந்துவிட்டது. அவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அந்த மனிதர் தம்பியின் முழங்காலில் கை வைத்துத் தானாகவே சொன்னார்.

"தெரியாதுப்பா. பாவம், அவங்களுக்கும் நான் சொல்லல."

வாத்தியார் சட்டென்று முடிவுப் பாட்டை எடுத்தார். ஊசி போட்டுக்கொள்ளுங்கள், பிறந்த குழந்தைக்கு அன்றைக்கே போடுங்கள், பெரியவர்கள் ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்று நான் எழுதிய பாட்டு. பாட்டு முடிவதற்குள் தம்பி வேஷத்தோடு நடந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். அவன்தான் முதல் ஆள்.

"வெரலு பூரா பவுடர் கீதுண்ணா. தொடச்சிட்டு குடுங்க" என்றார் டெக்னீஷியன். குத்தினார். ஒரு சொட்டு எடுத்துச் சின்ன அட்டையில் விட்டார். பதினைந்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னார். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அதனால் வழக்கம்போலப் பாடம் நடத்தினேன். அந்த அட்டை வைரஸைத் தேடுவதில்லை, அது விடுகிற வெற்றுக்கூட்டின் புரதத்தைத்தான் தேடுகிறது என்றேன்.

"ஏமாத்தறதுக்கு வுட்டதே காட்டிக் குடுத்துடுதா?" என்றான்.

"ஆமாடா."

"கிரீடத்துல ஆளு இல்லன்னாலும், கிரீடம் இருந்தா ஊருக்குள்ள ராஜா கீறான்னு அர்த்தம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். எனக்குப் போன உயிர் வந்தது.

இரண்டு கோடு விழுந்தது, இருக்கிறது என்று அர்த்தம். டெக்னீஷியன் அட்டையை மற்றவர்கள் பார்க்காதபடி உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அதுவரை இருந்த வெடுக்கு போய், "இது மொதல் டெஸ்ட்தான்ணா. ஆஸ்பத்திரில இன்னொரு தடவை பாத்து உறுதி பண்ணுவாங்க. மாத்திரை இருக்குது. பயப்படாதீங்க" என்று மெல்லச் சொன்னார். தம்பி அவருக்குக் கும்பிடு போட்டான்.

வேஷம் கலைக்க ஆறாம் வகுப்பு அறைக்குப் போனோம். அவன் பெஞ்சில் உட்கார, நான் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு அவன் நெற்றியைத் துடைத்தேன். "சொல்லாம வசனத்த மாத்தினது தப்புடா. என்ன மன்னிச்சிரு" என்றேன்.

"அம்மா குடிக்கலக்கா" என்றான்.

"நமக்குத் தெரியாதாடா?"

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியல." எண்ணெயும் மையும் கலந்து அவன் கன்னத்தில் இறங்கியது. "அத்தை சொல்றதுக்கு முன்னாடியே நான் சந்தேகப்பட்டேன். ஆஸ்பத்திரில ஒருநாள் அம்மா தூங்கினு இருந்தாங்க. பக்கத்துல டம்ளர்ல என்னமோ வச்சி மூடியிருந்தாங்க. நான் எடுத்து மோந்து பாத்தேன். திரும்பிப் பாத்தா அம்மா முழிச்சிக்கினு இருக்காங்க."

நான் பஞ்சைக் கீழே வைத்தேன்.

"திட்டலக்கா. 'மோருதான்டா, உனக்கும் கொஞ்சம் ஊத்தட்டுமா'ன்னு கேட்டாங்க."

இதை இத்தனை வருஷம் அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவன் தலையை இழுத்து என் வயிற்றோடு சேர்த்துக்கொண்டேன். என் புடவையெல்லாம் வேஷச் சாயம் ஆனது. வெளியே வாத்தியார், "கெளம்பலாமா?" என்று குரல் கொடுத்தார். பிறகு அவரே போய்விட்டார்.

அடுத்த வாரம் அவனை என் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். உறுதி செய்யும் டெஸ்ட்டிலும் இருந்தது. ஈரலில் தழும்பு லேசாக ஆரம்பித்திருந்தது. இப்போதே வந்தது நல்லதாகப் போயிற்று, தினம் ஒரு மாத்திரை, விடாமல் சாப்பிட வேண்டும், வீட்டில் எல்லாரையும் கூட்டி வாருங்கள் என்றார். பிறகு புதுச் சீட்டு ஒன்றை எடுத்து வழக்கமான கேள்விகளைக் கேட்டு எழுதினார். வயது. வேலை. சர்க்கரை. பிரஷர்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"இல்லீங்க மேடம்."

அவர் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். நான் எழுந்துவிட்டேன். தம்பி எழவில்லை.

"எங்க அம்மாவுக்கும் இல்லீங்க" என்றான். "அதையும் எழுதிக்குங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். மூடியை மறுபடி திறந்து எழுதினார். எழுதி முடிக்கும்வரை அவன் குனிந்து அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.